‘வா’ சொன்னவளும் ‘போ’ சொன்னவரும்

மூடிய ஜன்னல் வழியாக ஒரு நெருப்புப் பந்து உங்கள் அறைக்குள் மிதந்து வந்தால், முதலில் யார்மீது குற்றம் சொல்வீர்கள்?

அவசரப்பட வேண்டாம். மேகத்தின்மீது, மின்னலின்மீது, கண்ணாடியின்மீது என்று உங்கள் வாய் சொல்லும். நீங்கள் படித்தவர். ஆனால் அந்த அறையில் ஒரு பெண்ணும் நின்றிருந்தால்? அவளுக்குக் கணவன் இல்லை, அதட்டிக் கேட்க அண்ணன் தம்பி பக்கத்தில் இல்லை என்றால்? இப்போது மறுபடி யோசித்துச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணை எல்லாரும் சின்னக்கா என்று கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவள், உயரத்தில் சின்னவள், அவ்வளவுதான் பெயர்க் காரணம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “மடிச்சு வெக்கிற அளவுக்கு ஒருத்தனும் நீளமா கெடைக்கல” என்பாள். வீட்டில் அவளோடு அண்ணன் மகள் தங்கிக் கல்லூரியில் இயற்பியல் படித்தாள். அத்தையும் மருமகளும் ஒரே கண்ணாடிக்கு முன் தலைவாரச் சண்டை போட்டுக்கொள்ளும் சின்ன வீடு.

விரிப்பு மடிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அது ஒற்றை ஆள் வேலை அல்ல. ஆளுக்கு இரண்டு முனை. எதிரெதிரே நிற்க வேண்டும். உதறி, இழுத்து, துணி ‘படக்’ என்று விறைக்கிறபோது நீளவாக்கில் மடிக்க வேண்டும். பிறகு ஜன்னலடி மேசைப் பக்கம் நிற்பவள் “வா” என்பாள். மற்றவள் தன் முனைகளோடு நடந்து வந்து அவள் கையில் சேர்ப்பாள். விரல்கள் தொட்டுக்கொள்ளும். மடித்தது மேசைக்குப் போகும், அடுத்த விரிப்பு எழும். நாள் முழுக்க இதே. அந்தக் கூடத்தில் “உதறு”, “இழு”, “வா” என்ற சொற்கள் மூச்சைப் போல வந்துபோகும்.

சின்னக்காவின் ஜோடி நெட்டை. கொத்தனாரின் மனைவி. கையைத் தூக்கினால் மின்விசிறிக்குப் பயப்பட வேண்டிய உயரம். “உங்க பக்கம் பிடிக்கணும்னா நான் குனியணும்க்கா, என் பக்கம் பிடிக்கணும்னா நீங்க ஏணி போடணும்” என்று தினமும் ஒரு முறையாவது சொல்லுவாள். சின்னக்கா மேசைப் பக்கம், ஜன்னலுக்கு முதுகு காட்டி. நெட்டை எதிரே, ஜன்னலைப் பார்த்து. பல வருஷமாக இப்படித்தான் நின்றார்கள். இந்த நிலைதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானமே வானம் இருட்டிவிட்டது. மின்சாரம் போனது. விரிப்பை உலர்த்தித் தேய்க்கும் பெரிய உருளை இயந்திரம் நின்றதால் ஈரம் போகாத விரிப்புகளைக் கூடத்தின் குறுக்கே கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வரிசை வரிசையாக வெள்ளைத் துணி. அவற்றில் எத்தனையில் ஆள் பிழைத்தார், எத்தனையில் ஆள் போனார் என்று யாருக்கும் தெரியாது. துவைத்தால் எல்லாம் ஒன்றுதான். பாய்லர் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு பாய்லர்க்காரர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஏற்கெனவே காய்ந்த விரிப்புகளை முடித்துவிடலாம் என்று சின்னக்காவும் நெட்டையும் மட்டும் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

மிக அருகில் இடி விழுந்தது. தரை அதிர்ந்ததைச் சின்னக்கா உள்ளங்காலில் உணர்ந்தாள். விரிப்பு இருவர் கையிலும் விறைத்து நின்றது. நெட்டை நகரவில்லை. சின்னக்காவின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி நின்றாள்.

“வா,” என்றாள் சின்னக்கா. “கனவு காணுறியா? வாடி.”

அப்போதுதான் தன் கையிலிருந்த வெள்ளைத் துணியில் தன் நிழலைப் பார்த்தாள். மின்சாரம் இல்லாத, விளக்கு இல்லாத கூடத்தில், ஒரு நிழல். அது மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவும் இல்லை. அது அவள் தோளை ஒட்டிக் கடந்தது. கைப்பந்து அளவு. பழுத்த ஆரஞ்சு நிறம். ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்ததுபோல் மெல்லிய சீறல். சூடு இல்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரை புரியாதது. அத்தனை நெருப்பு, சூடே இல்லை. கையிலிருந்த மயிர் மட்டும் புல்போல நிமிர்ந்து நின்றது. பிளீச்சிங் பவுடரும் தீக்குச்சியும் கலந்த ஒரு வாசனை.

அது பக்கவாட்டில் விலகிக் கொடிகளுக்குள் நுழைந்தது. முதல் விரிப்பு உள்ளிருந்து ஒளிர்ந்தது. அணைந்தது. அடுத்தது ஒளிர்ந்தது. யாரோ விளக்கேந்திக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று நடப்பதுபோல. கடைசி விரிப்பைக் கடந்து வெளியே வந்து, நெட்டையின் காதருகே போய், வெடித்தது.

நெட்டை விழுந்தாள். பாய்லர்க்காரர் “போ! போ! போ!” என்று கத்திக்கொண்டிருந்தார். விரிப்பின் மறுமுனை தரையில் கிடந்தது. அதில் ஒரு பழுப்பு வளையம், சூடான பாத்திரத்தை இறக்கி வைத்த தடம்போல.

நெட்டை பிழைத்தாள். காது போய்விட்டது.

பொழுது சாய்வதற்குள் கதை ஆஸ்பத்திரியின் எல்லா மாடிக்கும் ஏறிவிட்டது. கதை என்றால் இரண்டே வரி. “அவ வான்னா, வந்துச்சு. அவரு போன்னாரு, போயிடுச்சு.” எவ்வளவு கச்சிதம் பாருங்கள். உண்மைக்கு இவ்வளவு கச்சிதம் ஒருநாளும் வாய்ப்பதில்லை. மூடநம்பிக்கைக்கு எப்போதும் வாய்த்துவிடுகிறது.

ஒரே கூடம், ஒரே நெருப்பு, பயத்தில் நின்ற இரண்டு பேர். ஒருத்தி சூனியக்காரி ஆனாள். ஒருவர் வைத்தியர் ஆனார். நோயாளிகளின் உறவுக்காரர்கள் பாய்லர் அறை வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். “அண்ணே, மேல மூணாவது மாடியில எங்கப்பா படுத்திருக்காரு. காய்ச்சல் விடல. இங்கருந்தே ஒருவாட்டி போன்னு சொல்லுங்கண்ணே.” முதல் நாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வாரம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு, சொல்வதற்கு முன் கைகழுவ ஆரம்பித்தார்.

சின்னக்காவின் விரிப்புக்கு மறுமுனை பிடிக்க ஆள் இல்லை. அவள் முனையை நீட்டினால், ஒருத்திக்குத் தாகம் எடுத்தது. ஒருத்திக்கு இடுப்பு வலித்தது. வெளிப்படையாகச் சொன்னவள் ஒருத்திதான்: “தப்பா நெனைக்காதீங்கக்கா. புள்ளகுட்டிக்காரி நான். நீங்க பாட்டுக்கு வான்னு சொல்லிட்டீங்கன்னா?”

தனியாக மடித்துப் பார்த்தாள். ஒரு முனையை மோவாயால் அழுத்திக்கொண்டு, கைகளை அகல விரித்து. துணி தரையில் புரண்டது. அழுக்கானது. மறுபடி துவைக்கப் போனது.

சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். “எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லம்மா. ஆனா அவங்க நம்புறாங்களே, நான் என்ன செய்ய?”

உலகத்தில் நடந்த அநியாயங்களில் பாதி இந்த ஒரு வாக்கியத்தின் முதுகில் ஏறித்தான் வந்திருக்கிறது. நம்புகிறவனையாவது பேசித் திருத்தலாம். தான் நம்பாமல், நம்புகிறவனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவனை என்ன செய்வது?

அவளைக் கீழே ஊறவைக்கும் அறைக்கு அனுப்பினார். ரத்தமும் சீழும் பட்ட துணிகளைப் பிரிக்கிற இடம். தனி வேலை. “மழைக்காலம் முடியிற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள உங்ககூட நிக்க ஒரு ஆள் வந்தா சரி. இல்லாட்டி வேற எடம் பாத்துக்கங்க.”

இவ்வளவையும் சின்னக்கா தாங்கியிருப்பாள். அவளால் தாங்க முடியாதது வேறொன்று. நிழல் முதலில் வந்ததா, சொல் முதலில் வந்ததா என்று அவளுக்கே நினைவில்லை.

எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்தக் கணம் ஈரச் சோப்புபோல் கையிலிருந்து வழுக்கியது. ‘வா’ என்றேன், நிழல் விழுந்தது. இல்லை, நிழல் விழுந்தது, ‘வா’ என்றேன். இரண்டும் ஒரே மாதிரி உண்மையாகத் தெரிந்தன. மெல்ல மெல்ல அவள் அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். அவளாக முடிவு செய்து விட்டதல்ல, அது தானாக நின்றுபோனது. மதிலில் ஏறும் பூனையை நாக்கைச் சொடுக்கி அழைத்தாள். கதவு தட்டினால் போய்த் திறந்துவிட்டுத் தலையாட்டினாள். சாப்பிடக் கூப்பிட, தட்டைத் தட்டினாள். வெயில் ஜன்னல் வழியாக விழுந்து தன் நிழல் சுவரில் எழுந்தால் சட்டென்று விலகி நின்றாள்.

அண்ணன் மகள் கவனித்துவிட்டாள்.

“அத்தை, நான் என்ன ஆடா மாடா? தட்டத் தட்டிக் கூப்பிடுறீங்க? வாயால கூப்பிட்டா என்ன?”

சின்னக்கா தட்டைக் கீழே வைத்தாள். “அது கூப்பிட்டா வருமா?” என்று கேட்டாள்.

பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைப் பாராட்ட வேண்டும். “அது பேரு பந்து மின்னல். பல நாட்டுல, பல காலமா ஆளுங்க பாத்திருக்காங்க. வீட்டுக்குள்ள, கப்பலுக்குள்ள, விமானத்துக்குள்ளகூட. என்னன்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது.”

“தெரியாதுன்னா எதுக்குப் படிக்கிற?”

“தெரியாததுனாலதான் படிக்கிறேன். இருங்க, சொல்றேன். ஒரு கூட்டம் என்ன சொல்லுதுன்னா, மின்னல் மண்ணுல விழறப்ப மண்ணுல இருக்கிற சிலிக்கான் ஆவியா கிளம்புது. அது பஞ்சு மாதிரி பொடிப்பொடியாச் சேந்து, காத்துல மெதுவா எரிஞ்சுக்கிட்டே மிதக்குது. உங்க உருளை மெஷினுக்கு அடியில நூல்தூசி உருண்டு உருண்டு கெடக்குமே, அது எரியற மாதிரி வெச்சுக்கங்க. ஒரு தடவ மின்னலப் படம்பிடிக்கப் போனவங்க கருவியில தற்செயலா ஒரு பந்து சிக்குச்சு. அந்த வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்தா, மண்ணுல இருக்கிற பொருளோட அடையாளம் தெரிஞ்சுது.”

“மண்ணு எப்படிடி கண்ணாடி வழியா வரும்?”

“அதான் கேள்வி! அதே கேள்வியத்தான் அவங்களும் கேட்டாங்க. அதனால இன்னொருத்தரு, பந்து கண்ணாடியத் தாண்டி வரவே இல்ல, வெளியில கண்ணாடிமேல மின்னேற்றம் குவிஞ்சு, அதோட வேகத்துல உள்பக்கக் காத்து புதுசா ஒளிருதுன்னு சொல்றாரு. நைலான் துணியப் பிரிக்கும்போது படபடன்னு பொறி பறக்குமே, அந்தச் சாதிதான், ரொம்பப் பெருசா. இன்னொரு கூட்டம், மின்னல்லருந்து கிளம்புற நுண்ணலை ஒரு குமிழிக்குள்ள மாட்டிக்குது, சோப்புக் குமிழிக்குள்ள காத்து மாட்டுற மாதிரின்னு சொல்லுது.” சற்றுத் தயங்கினாள். “இன்னொண்ணும் இருக்கு. பக்கத்துல மின்னல் விழுந்தா அதோட காந்தப்புலம் மூளையத் தொட்டு, இல்லாத வெளிச்சத்தக் காட்டலாம்னு.”

“அப்ப நான் எதுவும் பாக்கலியா?”

“உங்க மூளை பாத்திருக்கலாம். நெட்டையக்கா மூளையும் பாத்திருக்கலாம். ஆனா விரிப்புக்கு மூளை ஏது அத்தை? அது எப்படிக் கருகுச்சு?” மருமகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதுல எது சரின்னு எனக்குத் தெரியாது. ஆனா இத்தன பேரு இத்தன விதமா யோசிச்சதுல, ஒருத்தர்கூட அதுக்குக் காது இருக்குன்னு சொல்லல.”

சின்னக்கா கொஞ்சம் சிரித்தாள். ஆனால் நிழலா, சொல்லா, எது முந்தியது என்ற முள் அப்படியே இருந்தது.

அதையும் மருமகள்தான் பிடித்தாள். “அத்தை, நீங்க ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்னீங்க. பாய்லர்க்காரரு பக்கவாட்டுல. நேரா ஜன்னலப் பாத்து நின்னது நெட்டையக்கா ஒருத்திதான். அவங்கள யாராச்சும் கேட்டாங்களா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. காது கேட்காதவளிடம் என்ன கேட்பது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

சின்னக்கா நெட்டையின் வீட்டுக்குப் போனபோது, கொத்தனார் வாசலிலேயே வழிமறித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மனைவியின் காது போன கோபத்தை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. “நீங்க அன்னிக்கி சும்மா இருந்திருந்தா இவ நல்லா இருந்திருப்பா. எதுக்கு வந்தீங்க?”

சின்னக்கா அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த நெட்டையைப் பார்த்தாள். நெட்டை எழுந்தாள். என்ன பேசினாலும் அவளுக்குக் கேட்காது. எப்படிக் கேட்பது? சின்னக்கா கட்டிலில் கிடந்த விரிப்பை உருவினாள். இரண்டு முனையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றாள். மறுபக்கத்தை நீட்டினாள்.

நெட்டைக்குப் புரிந்துவிட்டது. முனைகளைப் பிடித்தாள். விரிப்பு விறைத்தது. அவள் கண்கள் சின்னக்காவின் தோளுக்குப் பின்னால் போயின. தன் சத்தம் தனக்கே கேட்காததால், தெருவுக்கே கேட்கும்படி பேசினாள்.

“மொதல்ல அது வெளிய இருந்துச்சுக்கா. கண்ணாடியில ஒட்டிக்கிட்டு, உள்ள பாக்குற மாதிரி. நான் கண்ண மூடித் தொறந்தேன், உள்ள இருந்துச்சு. உங்க தலைக்குப் பின்னாடி. சொல்லணும்னு வாயத் தொறக்குறேன், நாக்கு வரல. உங்க நிழல் துணியில விழுந்துச்சு. அப்பத்தான் நீங்க வான்னீங்க. கனவு காணுறியான்னு வேற திட்டினீங்க.”

சின்னக்கா துணியை இறுக்கி இழுத்தாள். அந்த இழுப்பு துணி வழியாக நெட்டையின் கைக்குப் போனது.

“அப்புறம் துணிக்குள்ளல்லாம் பூந்து என்கிட்ட வந்துச்சு. படார்னுச்சு. அதோட உலகமே நின்னுபோச்சு, ஒரு சத்தம் இல்ல. பாய்லர் அண்ணன் மட்டும் வாயத் தொறந்து தொறந்து மூடுறாரு, மீன் மாதிரி. என்னடா இந்த ஆளு சத்தமில்லாமக் கத்துறாருன்னு நெனச்சுக்கிட்டே விழுந்தேன்.”

கதவருகே நின்ற கொத்தனார் மெல்ல உள்ளே வந்தார். “சத்தமில்லாமயா?” என்றார். அவருக்கே உறைத்தது. ‘வா’ என்றது அவளுக்குக் கேட்டிருக்கிறது, ‘போ’ என்றது கேட்கவில்லை. வெடித்த பிறகுதான் பாய்லர்க்காரர் வாயையே திறந்திருக்கிறார். வந்த பிறகு ‘வா’. போன பிறகு ‘போ’. அவ்வளவுதான் இருவரின் மந்திரமும். அதற்குச் சாட்சி, யாரும் கேள்வி கேட்காத ஒரு செவிட்டுக் காது.

“ஒண்ணு மட்டும் இருக்குக்கா,” என்றாள் நெட்டை. இப்போது குரல் தாழ்ந்திருந்தது. “பொய் சொல்ல மாட்டேன். நீங்க வான்னதும் அது நின்னுச்சு. கொஞ்ச நேரம். கேக்குற மாதிரி.”

வீடு திரும்பி அதை மருமகளிடம் சொன்னபோது, அவள் காற்றோட்டம், கூடத்தின் கதவு, ஈரத்துணி என்று ஏதேதோ யோசித்தாள். கடைசியில், “தெரியல அத்தை,” என்றாள். அந்தத் தெரியலையைச் சின்னக்கா பத்திரமாக வைத்துக்கொண்டாள். அது அவளைப் பயமுறுத்தியது, ஆனால் அவள்மீது பழி போடவில்லை.

மழைக்காலம் முடியும் முன் ஒரு மத்தியானம், வானம் அதே மாதிரி இருட்டியது. மின்சாரம் போனது. பெண்கள் ஜன்னலை விட்டு விலகிச் சுவரோரம் போய்விட்டார்கள். அப்போது தலையைக் குனிந்துகொண்டு கதவு நிலையைத் தாண்டி நெட்டை உள்ளே வந்தாள். நேராகக் கீழே போய், ஊறவைக்கும் அறையிலிருந்து சின்னக்காவைக் கையைப் பிடித்து மேலே இழுத்து வந்தாள். வருகிற வழியில் பாய்லர் அறை வாசலில் நின்று, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னாள். மீன்போல வாய் திறந்து மூடியதையும் செய்து காட்டினாள்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பாய்லர்க்காரர் முகம் சிறுத்தது. “நான்தான் வெரட்டுனேன்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா?”

“இல்லன்னும் சொல்லலியே அண்ணே,” என்றாள் சின்னக்கா. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். கழுவி வைத்த கை.

மற்றவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. சுவரோரமே நின்றார்கள். ஒருத்தி விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் மட்டும், “நான்தான் அப்பவே நம்பலன்னு சொன்னேனே,” என்றார்.

நெட்டை ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். சின்னக்கா ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று தன் முனைகளைப் பிடித்தாள். இழுத்தார்கள். துணி விறைத்தது. வெளியே வானம் உறுமியது, கண்ணாடி நடுங்கியது. நெட்டை நகரவில்லை. சின்னக்காவின் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லுங்கக்கா. நீங்க சொல்லாம நான் எப்படி வர்றது?”

வெளிச்சமில்லாத கூடம். கையில் வெள்ளைத் துணி. சின்னக்கா அதில் நிழல் விழுகிறதா என்று பார்த்தாள். மழைக்காலம் முழுக்க வாயில் அடைத்து வைத்திருந்த சொல், பழகாத சொல்போல நாக்கில் தட்டியது.

“வா,” என்றாள்.

நெட்டை வந்தாள். வேறு எதுவும் வரவில்லை. விரல்கள் தொட்டுக்கொண்டன.

அந்தப் பந்து என்ன என்று உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. கண்டுபிடிக்கட்டும், அவசரமில்லை. ஆனால் உங்கள் தெருவிலோ, நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலோ, விளங்காத எதற்கோ பழி சுமந்துகொண்டு ஒருத்தி தனியாக நிற்கிறாள். அவள் விரிப்பின் ஒரு பாதி தரையில் புரண்டுகொண்டிருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை, மற்றவர்கள்தான் நம்புகிறார்கள் என்று சொல்லிச் சுவரோரம் நிற்காதீர்கள். நாளைக்கே எழுந்து போய், மறுமுனையைப் பிடியுங்கள்.